காஸ்லிங் யாருடைய நகர்வு?



சதுரங்கம் பழக வருகிறவர் காய்களின் நடையை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொண்டுவிடுவார். குதிரையின் தாவல்கூட நாலைந்து ஆட்டத்தில் கைக்கு வந்துவிடும். பல வருஷம் ஆடியவருக்கும் சந்தேகம் மிச்சம் வைத்திருப்பது காஸ்லிங். செக்கில் இருக்கும்போது செய்யலாமா, ஒரு தடவை செக் வாங்கிவிட்டால் பிறகு செய்யலாமா, யானை அடிபடும் நிலையில் நின்றால் என்ன, எந்தக் காயை முதலில் தொடுவது என்று கேள்விகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதிலை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதுபோல, விதிவிலக்குகளின் மூட்டையாகவே இதைப் பலரும் சொல்லித் தருகிறார்கள். காஸ்லிங் ராஜாவின் நகர்வு, யானை அதில் துணைக்கு வருகிறது என்பது இன்றைய என் வாதம். இதை விடாமல் பிடித்துக்கொண்டால் மூட்டையின் பெரும்பகுதி தானே அவிழும். அவிழாமல் மிஞ்சுவது கொஞ்சம் உண்டு. அதையும் மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறேன்.

உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் சட்டமே என் பக்கம் நிற்கிறது. ஒரே நிறத்து ராஜாவும் இரண்டு யானைகளில் ஒன்றும் முதல் வரிசையில் சேர்ந்து நகர்வது காஸ்லிங். அது ராஜாவின் ஒற்றை நகர்வாகக் கணக்கிடப்படும் என்று சட்டம் சொல்கிறது. ராஜா தன் சொந்தக் கட்டத்திலிருந்து யானையை நோக்கி இரண்டு கட்டம் போகிறது. அது கடந்த கட்டத்தில் யானை வந்து நிற்கிறது. ராஜா முன்பே நகர்ந்திருந்தால் இந்த உரிமை அடியோடு போய்விடும். ஒரு யானை நகர்ந்திருந்தால் அந்தப் பக்கத்து உரிமை மட்டும் போகும். ராஜா நிற்கும் கட்டமோ, கடக்கும் கட்டமோ, போய்ச் சேரும் கட்டமோ எதிரிக் காயின் தாக்குதலில் இருந்தாலும், ராஜாவுக்கும் யானைக்கும் நடுவில் ஏதாவது காய் நின்றாலும் உரிமை போவதில்லை. அப்போதைக்குச் செய்ய முடியாது, அவ்வளவுதான். தடை விலகியதும் செய்துகொள்ளலாம்.

இந்த வாசகங்களில் தாக்குதல் பற்றிப் பேசுகிற இடத்தில் யானையின் பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். ராஜா தொடும் மூன்று கட்டங்கள் மட்டும்தான் கணக்கு. வெள்ளை ராஜா இ1-லிருந்து சி1-க்குப் போகும்போது இ1, டி1, சி1 மூன்றும் பத்திரமாக இருக்க வேண்டும். ஏ1-ல் நிற்கும் யானையை எதிரி குறிவைத்திருந்தாலும், யானை தாண்டிவரும் பி1 தாக்குதலில் இருந்தாலும் குற்றமில்லை. காரணம் எளிது. யானை அடிபட்டால் ஒரு காய் போகும். ராஜா அடிபடக்கூடிய இடம் என்று ஒன்று சதுரங்கத்தில் இருக்கவே முடியாது. சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் பாய்ந்தாலும், பக்கத்தில் எதிரிச் சிப்பாய் நின்றால் அது ஒரே கட்டம் வைத்ததாகவே கருதி வெட்டலாம் என்கிற விதி இருக்கிறதல்லவா? பாய்ச்சல் சலுகையைக் காட்டி நடுக்கட்டத்து ஆபத்திலிருந்து தப்பக்கூடாது என்ற அதே நினைப்பு இங்கே ராஜாவுக்கும் பொருந்துகிறது.

இவ்வளவு தெளிவான விஷயத்தில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1960-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் யூரி அவெர்பாக்கும் செசில் பர்டியும் மோதினார்கள். அவெர்பாக் 1954-ன் சோவியத் சாம்பியன், இறுதியாட்டக் கலையில் பெரிய அறிஞர். பர்டி கடிதவழிச் சதுரங்கத்தின் முதல் உலக சாம்பியன். பர்டி ராணிப்பக்கம் காஸ்லிங் செய்தார். யானை தாக்குதலில் இருந்த கட்டத்தைத் தாண்டியதே, இது செல்லுமா என்று அவெர்பாக் ஆட்சேபித்தார். அந்தத் தடை ராஜாவுக்குத்தான், யானைக்கு இல்லை என்று பர்டி எடுத்துச் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. இதே சந்தேகம் 1974-ல் மாஸ்கோவில் இன்னும் பெரிய மேடையில் எழுந்தது. கார்ப்போவுக்கும் கோர்ச்னாய்க்கும் நடந்த கேண்டிடேட்ஸ் இறுதிச்சுற்றின் 21-வது ஆட்டம். பதினேழாவது நகர்வில் கார்ப்போவின் பிஷப் டி5-க்கு வந்து, குறுக்குக்கோட்டில் எச்1-ல் இருந்த வெள்ளை யானையைக் குறிவைத்தது. கோர்ச்னாய் நடுவரிடம் போய், யானை தாக்கப்படும்போது காஸ்லிங் செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம் என்று பதில் வந்தது. பிஷப்பின் பார்வை ஜி2 வழியாக எச்1-க்குப் போகிறதே தவிர, ராஜா தொடும் இ1, எஃப்1, ஜி1 மூன்றில் எதன் மேலும் விழவில்லை. காஸ்லிங் செய்தார், அடுத்த நகர்விலேயே கார்ப்போவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அன்று நடுவர் இருக்கையில் இருந்தவர் பெல்ஜியத்தின் ஆல்பெரிக் ஓ'கெல்லி. இந்தக் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். நாற்பது வருஷத்துக்கு முன், 1934-ல் லியேஜ் நகரில் நடந்த பெல்ஜியச் சாம்பியன் போட்டியில், ஓட்டோ ஃபாயர் என்பவரிடம் அவர் வாங்கிய அடி இதே விதியால் விழுந்தது. ஓ'கெல்லியின் யானை பி2-ல் இருந்த சிப்பாயைத் தின்றது. ஃபாயர் டி8-ல் ராணிகளை மாற்றி, கறுப்பு ராஜாவை அந்தக் கட்டத்துக்கே இழுத்தார். டி வரிசை திறந்து கிடக்கிறது. இப்போது வெள்ளை ராணிப்பக்கம் காஸ்லிங் செய்கிறது. டி1-க்கு வந்த யானை கறுப்பு ராஜாவுக்குச் செக் சொல்கிறது. அதே நகர்வில் சி1-க்கு வந்த ராஜா பக்கத்துக் கட்டமான பி2-ல் நிற்கும் கறுப்பு யானையின் மேல் கை வைக்கிறது. செக்கிலிருந்து விலகினால் யானை போய்விடும். இதில் நம் விஷயத்துக்கு வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. பி2-ல் நிற்கும் கறுப்பு யானை பி1-ஐத் தாக்கிக்கொண்டேதான் இருந்தது. வெள்ளை யானை அதைத் தாண்டித்தான் டி1-க்கு வந்தது. யானைக்கும் அந்தத் தடை உண்டு என்று விதி இருந்திருந்தால் ஃபாயரின் பொறியே இல்லை.

இங்கே ஒருவர் மறித்துக் கேட்கலாம்: கிராண்ட்மாஸ்டர்களே குழம்புகிறார்கள் என்றால் விதி மோசமானது என்றுதானே பொருள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் குழம்பிய புள்ளி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: யானைக்கும் ராஜாவின் தகுதியைக் கொடுத்தது. இரண்டு காய்கள் நகர்வதைக் கண் பார்க்கிறது, ஆகவே இரண்டுக்கும் ஒரே சட்டம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. விதியைக் கற்ற முறையில் இருந்த ஓட்டை அது. விதியில் ஓட்டை இருந்தால் பலரும் பல இடத்தில் இடறியிருப்பார்கள்.

இனி என் கொள்கைக்கு அடங்காதவை. செக்கில் இருக்கும் ராஜா ஏன் காஸ்லிங் செய்யக்கூடாது? கடக்கும் கட்டமும் சேரும் கட்டமும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதை ராஜாவின் இயல்பிலிருந்து வருவித்துவிடலாம். புறப்படும் கட்டத்தை அப்படி வருவிக்க முடியாது. சாதாரணமாக ராஜா செக்கிலிருந்து நகர்ந்துதானே தப்புகிறது? அதேபோல, ராஜா ஒருமுறை நகர்ந்து திரும்பினால் உரிமை ஏன் நிரந்தரமாகப் போக வேண்டும் என்பதற்கும் தர்க்கம் மட்டும் போதாது. இவை வரலாறு விட்டுப்போன தழும்புகள். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் ராணியும் பிஷப்பும் இன்றைய நீண்ட நடையைப் பெற்றபோது, நடுவில் நிற்கும் ராஜாவின் நிலை அபாயமானது. ராஜாவுக்கு ஒரே ஒருமுறை ஒரு தாவல் என்ற பழைய சலுகை பெருகி, யானையோடு சேர்ந்த நகர்வாக மெல்ல உருமாறியது. ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. இத்தாலியில் ராஜாவும் யானையும் தமக்குப் பிடித்த கட்டங்களில் போய் நிற்கலாம் என்ற தாராளமான முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. எல்லா வழக்கத்துக்கும் பொதுவாக இருந்த சாரம் ஒன்றே: ஆட்டத்தின் தொடக்கத்தில் ராஜாவுக்குத் தரப்படும் முன்னேற்பாட்டுச் சலுகை. தாக்குதல் வந்த பிறகு தப்பியோடும் வழியாக அது தரப்படவில்லை. செக்கில் செய்யக்கூடாது என்பதையும், நகர்ந்த ராஜாவுக்கு இல்லை என்பதையும் அந்தச் சாரத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பு குறையும்.

நம் நாட்டு வழக்கமும் இதில் சேர்கிறது. இந்திய முறை ஆட்டத்தில் இன்றைய காஸ்லிங் கிடையாது. ராஜா செக் வாங்காதவரை, ஆட்டத்தில் ஒருமுறை குதிரைபோல் தாவலாம். 1960-கள் வரை இந்த முறை பரவலாக ஆடப்பட்டது. சர்வதேச விதிகளை இங்கே வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் மானுவேல் ஆரோன். 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானவர், சென்னையில் தால் சதுரங்க மன்றத்தை நிறுவியவர். ஒருமுறை செக் வாங்கிய ராஜா பிறகு காஸ்லிங் செய்யக்கூடாது என்று இன்றும் பல வீடுகளில் அடித்துச் சொல்கிறார்களே, அந்த நம்பிக்கை பழைய இந்திய விதியின் எச்சமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஃபிடே விதியில் அப்படி ஒன்றும் இல்லை. செக்கைக் காய் வைத்து மறைத்தோ, செக் சொன்ன காயை வெட்டியோ சமாளித்து, ராஜா அசையாமல் இருந்தால் உரிமை அப்படியே இருக்கும்.

ராஜாவின் கடந்தகாலம் விதிக்குள் வந்துவிட்டதால் இன்னொரு விளைவு உண்டாகிறது. பிஷப் நேர்க்கோட்டில் போனால் பார்த்தவுடன் தவறு தெரியும். காஸ்லிங் தவறா சரியா என்பதைப் பலகையைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. ராஜா இ1-ல், யானை எச்1-ல் நிற்கின்றன. நடுவே ஒன்றுமில்லை, தாக்குதலும் இல்லை. ஆனால் பத்து நகர்வுக்கு முன் ராஜா ஒரு கட்டம் போய்த் திரும்பியிருந்தால் காஸ்லிங் செல்லாது. அதற்குச் சாட்சி ஆட்டக்குறிப்புத்தாள் மட்டும். 1973-ல் டப்ளினில் வுல்ஃப்காங் ஹைடன்ஃபெல்ட் ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் காஸ்லிங் செய்திருக்கிறார், எதிரில் இருந்தவருக்கும் உறைக்கவில்லை என்றால் வேறென்ன சொல்வது! ராஜாவின் கடந்தகாலத்தை மறக்கும் பிழை மேல்மட்டத்திலும் நடந்தது. 1986-ல் டில்பர்க்கில் மைல்ஸுக்கு எதிராக, ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது என்று கார்ப்போவ் டிரா கோரினார். நடுவரும் ஏற்றுக்கொண்டார். காய்கள் மூன்று முறையும் அதே கட்டங்களில்தான் நின்றன. ஆனால் முதல் தடவை கறுப்பு ராஜாவுக்கு ராணிப்பக்கக் காஸ்லிங் உரிமை இருந்தது. அடுத்த இரண்டு தடவையிலும் இல்லை. விதிப்படி அவை ஒரே நிலை ஆகா. இது வெளியே தெரியவந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது.

கையின் ஒழுங்குக்கு வருவோம். தொட்ட காயை ஆட வேண்டும் என்பது பொதுவிதி. ராஜாவை முதலில் தொட்டு யானையைத் தொட்டால் காஸ்லிங். யானையை முதலில் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது, யானையைத்தான் ஆட வேண்டும். நம் வாதத்துக்கு இது நேராகவே ஒத்துப்போகிறது: ராஜாவின் நகர்வு என்றால் ராஜாதான் முதலில் அசைய வேண்டும். வெறும் சம்பிரதாயம்தானே என்று கேட்பவருக்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்கச் சதுரங்கச் சங்கத்தின் விதி, காஸ்லிங் செய்யும் எண்ணத்தில் யானையை முதலில் தொட்டவரைத் தண்டிப்பதில்லை. ஆனாலும் ஃபிடே முறையே எனக்கு நியாயமாகப் படுகிறது. எஃப்1-க்கு யானையைக் கொண்டுவந்து வைத்தவர் யானையை மட்டும் ஆடினாரா, காஸ்லிங் தொடங்கினாரா என்பதை எதிரில் இருப்பவர் ஊகிக்க வேண்டிய நிலை வரக்கூடாது. இரண்டு கையாலும் காஸ்லிங் செய்து கடிகாரத்தை அழுத்தினால் அதையும் செல்லாத நகர்வுக்குச் சமமாகத் தண்டிக்கிறார்கள். பலகையில் எந்தத் தவறும் இல்லாத ஒரு நகர்வை அந்த வகையில் சேர்த்தது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நொடிகளைத் திருடும் வழி அது என்பதால் தண்டனை வேண்டியதுதான், பெயரை வேறாக வைத்திருக்கலாம். 2015-ல் பாகு உலகக் கோப்பையில், முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் நாகமுரா இரு கையாலும் காஸ்லிங் செய்தார் என்று நெபோம்னியாச்சி முறையிட்டார். ஆட்சேபத்தை ஆட்டம் நடக்கும்போதே எழுப்பியிருக்க வேண்டும் என்று முறையீடு தள்ளப்பட்டது.

செல்லாத நகர்வு பற்றிய சட்டமும் கடிகாரத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது. ஓர் உதாரணம் பாருங்கள். கறுப்பு பிஷப் ஏ6-லிருந்து குறுக்காக எஃப்1-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைக் கவனிக்காத சிறுவன் ராஜாப்பக்கம் காஸ்லிங் செய்கிறான். கடிகாரத்தை அழுத்துமுன் தெரிந்துவிட்டால் தண்டனை இல்லை. அழுத்திவிட்டால் செல்லாத நகர்வு முழுமையாகிவிட்டது: ராஜா இ1-க்கும் யானை எச்1-க்கும் திரும்பும், எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு நிலையிலும் அவன் ராஜாவைத் தொட்டுவிட்டானே! ராஜாவுக்குச் செல்லும் நகர்வு ஒன்று இருந்தால் ராஜாவைத்தான் ஆட வேண்டும்; அது மறுபக்கத்துக் காஸ்லிங்காகவும் இருக்கலாம். ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினால், பிஷப் விலகும்வரை காத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய காஸ்லிங் நிரந்தரமாகப் போயிற்று. தற்காலிகத் தடையை நிரந்தர நஷ்டமாக்குவது இந்தத் தொடுதல்தான். இரண்டு நிமிடத்தைவிட இதுவே பெரிய தண்டனை. ஒரே ஆட்டக்காரர் இரண்டாவது முறை செல்லாத நகர்வை முடித்தால் ஆட்டமே தோல்வி. எதிராளியால் எந்த வகையிலும் மேட் செய்ய முடியாத நிலையென்றால் மட்டும் டிரா. முன்பு மூன்றாவது தவறில்தான் தோல்வி, 2014-ன் திருத்தம் அதை இரண்டாக்கியது.

நீண்டநேர ஆட்டத்தில் தவறு எப்போது தெரியவந்தாலும், ஆட்டம் முடியாதவரை, பழைய நிலைக்குத் திரும்பலாம், குறிப்புத்தாள் இருக்கிறது. ரேபிட், பிளிட்ஸ் ஆட்டங்களில் எழுதுவதில்லை. அங்கே எதிராளி தன் அடுத்த நகர்வை ஆடிவிட்டால் தவறு நிலைத்துவிடும். ஆட்டக்காரர்கள் இருவரும் தாங்களே ஒத்துக்கொண்டால்தான் திருத்தலாம். சாட்சி இல்லாத இடத்தில் வழக்கைச் சீக்கிரம் மூடிவிடுவது நல்லதுதானே? 2017 டிசம்பரில் ரியாத்தில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில் இதற்குச் சோதனை வந்தது. செக்கில் இருந்த இனார்க்கியேவ் தன் ராஜாவைக் காப்பாற்றாமல் குதிரையால் கார்ல்சனுக்குச் செக் வைத்தார். கார்ல்சன் தன் ராஜாவை நகர்த்தினார். உடனே இனார்க்கியேவ் கடிகாரத்தை நிறுத்தி, கார்ல்சனின் நகர்வு செல்லாது, வெற்றி எனக்கே என்றார்! முதலில் அவருக்கே வெற்றி தரப்பட்டது. தலைமை நடுவர் நிக்கோலோபுலோஸ் அதை மாற்றி, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். தவறான செக்குக்கு வந்த சரியான பதில் குற்றமாகாது என்பதே அதன் சாரம். இனார்க்கியேவ் தொடர மறுத்துத் தோற்றார்; மேல்முறையீடும் நிற்கவில்லை. தன் பிழையைத் தானே ஆயுதமாக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை, தரவும் கூடாது.

சிறு பிள்ளைகள் மேல் இவ்வளவு கடுமை தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் கனிவு இருக்கிறது, நான் மதிக்கிறேன். ஆனால் தண்டனையே இல்லாவிட்டால், நேரம் நெருக்கும்போது செல்லாத நகர்வை வைத்துப் பார்ப்பதே உத்தியாகிவிடும்: பிடிபட்டால் திரும்ப வைக்கலாம், பிடிபடாவிட்டால் லாபம். எதிரே இருக்கும் பிள்ளையின் நிமிடங்களும் இதில் அடங்கியிருக்கின்றன. முதல் தவறுக்கு இரண்டு நிமிடம், பிளிட்ஸில் ஒரு நிமிடம் என்பது கொடுமை ஆகாது.

தொல்லை எதற்கு, காஸ்லிங்கையே எடுத்துவிடலாம் என்பாரும் வந்துவிட்டார்கள். முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் 2019-ல் அப்படி ஒரு யோசனையை வைத்தார்; ஆல்ஃபாஸீரோ என்னும் கணினி ஆட்டக்காரனைக் கொண்டு அது ஆராயப்பட்டது. 2020 ஜனவரியில் சென்னையில் காஸ்லிங் இல்லாத போட்டி நடந்தது. 2021-ல் டார்ட்முண்டில் ஆனந்தும் கிராம்னிக்கும் அந்த முறையில் மோத, ஆனந்த் 2.5–1.5 என்று வென்றார். கிராம்னிக்கின் நோக்கத்தைத் திரித்துவிடக்கூடாது. விதி குழப்பமாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ராஜாக்கள் சீக்கிரமே பத்திரமாகிவிடுவதால் உச்சமட்ட ஆட்டம் மந்தமாகிறது என்பதே அவருடைய குறை. மனப்பாடத் தொடக்கங்களில் அலுத்துப்போன உச்சிநிலை ஆட்டக்காரர்களுக்கு அது நியாயமான குறை. ஃபாயரின் அந்த நகர்வைப்போன்றவை பலகையில் மறுபடி வராது என்ற விலையை மற்றவர்கள் கொடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன்.

பயிற்சியாளர்களுக்கும் போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காஸ்லிங்கைச் சொல்லித் தரும்போது, செய்யக்கூடாதவற்றின் பட்டியலில் தொடங்காதீர்கள். ராஜாவை ஒரு கையால் எடுத்து இரண்டு கட்டம் நகர்த்தச் சொல்லுங்கள். அந்த மூன்று கட்டங்களைப் பிள்ளையே விரலால் தொட்டுச் சரிபார்க்கட்டும். யானை அதே கையால் பிறகு வரட்டும். எதிராளியின் தவறைக் கண்டால் பதில் நகர்வு ஆடாமல், கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைக்க வேண்டும் என்பதையும் முதல் போட்டிக்கு அனுப்பும் முன்பே சொல்லி அனுப்புங்கள்.